மூசையில் போடும் முன் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்

கோவை பெரிய கடை வீதி, ராஜ வீதி, சேலம் செவ்வாய்ப்பேட்டை, ஈரோடு, திருப்பூர், கரூர், பொள்ளாச்சி, தாராபுரம் என்று கொங்கு நாடு முழுக்கப் பழைய வெள்ளி எடுக்கிற கடைக்கார அண்ணன்களுக்கும், அடகுக் கடை நடத்துகிற பெரியவர்களுக்கும், உருக்குப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இந்திய அரசு நினைவு நாணயமாக வெளியிட்ட வெள்ளிக் காசுகளைத் தயவுசெய்து உருக்காதீர்கள். விலை கொடுத்து வாங்குங்கள், லாபம் வைத்து விற்றுக்கொள்ளுங்கள், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. வெள்ளி உருக்குகிற மூசைக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி மேலே போன பிறகு உங்கள் கடை வாசலில் என்ன நடக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பீரோவில் கிடந்த குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ், அறுந்த கொலுசு, குழந்தைக்குப் போட்ட அரைஞாண், எல்லாம் பைக்குள் வருகிறது. அந்தப் பையின் அடியில் நாலைந்து காசும் கிடக்கும். கொண்டு வருகிறவருக்கும் அது என்ன என்று தெரியாது, தராசில் வைக்கிற பையனுக்கும் தெரியாது. டச், அதாவது நூற்றுக்கு எவ்வளவு வெள்ளி என்று பார்க்கிற மெஷினில் வைத்தால் ஐம்பது என்றோ எண்பது என்றோ காட்டும், கொலுசோடு கொலுசாகக் கணக்குப் போட்டுக் காசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் மொத்தமாகப் பட்டறைக்குப் போய்விடும். அதோடு அந்தக் காசின் கதை முடிந்தது, திரும்ப அதை யாராலும் அடித்துக் கொண்டுவர முடியாது.

வெள்ளிக் காசு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, நகைக் கடைகளும் வங்கிகளும் விற்கிற லட்சுமி காசு, பிள்ளையார் காசு. அதில் 999 என்று போட்டிருக்கும், ரூபாய் மதிப்பு எதுவும் இருக்காது. அது காசு வடிவத்தில் இருக்கிற கட்டி வெள்ளிதான், அதை நீங்கள் என்ன செய்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. நான் பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி. ஒரு பக்கம் அசோகர் தூண் சிங்கம், பாரத் என்று இந்தியிலும் இந்தியா என்று ஆங்கிலத்திலும் எழுத்து, அதற்குக் கீழே ரூபாய் மதிப்பு. மறுபக்கம் ஒரு தலைவரின் முகமோ, கோயிலோ, கட்டடமோ, அதைச் சுற்றி எதற்காக வெளியிட்டது என்ற வரியும் ஆண்டும். ஆண்டுக்குக் கீழே உற்றுப் பார்த்தால் சின்னக் குறி ஒன்று இருக்கலாம்: வைரக் கட்டம் மாதிரி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா நாணயச் சாலை. சில மும்பைக் காசுகளில் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். இது அரசாங்கக் காசு. உங்கள் கையில் இருக்கிற ஐந்து ரூபாய்க்கு என்ன அந்தஸ்தோ அதே அந்தஸ்து இதற்கும் உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு முதல் நினைவு நாணயம் 1964-இல் நேரு மறைந்தபோது வந்தது. அது நிக்கல், வெள்ளி இல்லை. வெள்ளியில் முதலில் வந்தது 1969-இல், காந்தி நூற்றாண்டுக்கு அடித்த பத்து ரூபாய். 15 கிராம் எடை, அதில் நூற்றுக்கு எண்பது வெள்ளி. இந்தக் காசுதான் நம் பக்கத்தில் அதிகம் வருகிறது, ஏனென்றால் அது லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டு ஜனங்கள் கைக்கே வந்தது, வந்ததை யாரும் செலவு செய்யவில்லை, மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே உலக உணவு விவசாய அமைப்புக்காக அதே எடையில் இன்னொரு பத்து ரூபாய் வந்தது. 1972-இல் சுதந்திர வெள்ளி விழாவுக்கு வந்த பத்து ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1973-இல் உணவு உற்பத்தியைப் பெருக்கு என்ற வாசகத்தோடு பத்தும் இருபதும், 1974-இல் திட்டமிட்ட குடும்பம், அனைவருக்கும் உணவு என்று ஐம்பது ரூபாய், 1981-இல் உலக உணவு நாளுக்கு நூறு ரூபாய். வரிசையாகப் பாருங்கள், அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இந்த நாடு எதை நினைத்துக் கவலைப்பட்டது என்பது அந்தக் காசுகளிலேயே இருக்கிறது: சோறு, சோறு, சோறு. அப்புறம் 1982 டெல்லி ஆசிய விளையாட்டு, 1985-இல் இந்திரா காந்தி, 1989-இல் நேரு நூற்றாண்டு என்று நூறு ரூபாய்க் காசுகள் தொடர்ந்து வந்தன, இன்று வரைக்கும் வந்துகொண்டிருக்கின்றன.

இந்தப் பிற்காலத்து நூறு ரூபாய்க் காசுகளில் பெரும்பாலானவை 35 கிராம் எடையும் 44 மில்லிமீட்டர் அகலமும் உள்ளவை. பாதி வெள்ளி, நூற்றுக்கு நாற்பது செம்பு, ஐந்து நிக்கல், ஐந்து துத்தநாகம். தொழில்காரர்களான உங்களுக்கு இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. உலகப் போர்க் காலத்தில், 1940-இல், வெள்ளைக்காரன் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தபோது கொண்டுவந்த கலவை அப்படியே இதுதான். அதற்கு முன்னால் 1939 வரைக்கும் ரூபாய் என்றால் ஒரு தோலா, 11.66 கிராம், நூற்றுக்கு 91.67 வெள்ளி. உங்கள் தாத்தா காலத்தில் ராஜா தலை ரூபாயை உரைகல்லில் தேய்த்து இது நல்ல ரூபாய், இது சண்டை ரூபாய் என்று தரம் பிரித்திருப்பார்களே, அதே சண்டைக் காலத்துக் கலவையில்தான் சுதந்திர இந்தியா தன் தலைவர்களின் முகத்தை அடித்திருக்கிறது.

சரி, இதை உருக்கினால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது? 35 கிராம் காசில் 17.5 கிராம் வெள்ளி. அதுவும் வெள்ளியாகக் கிடைக்காது, நாலு உலோகம் கலந்த கட்டியாகத்தான் கிடைக்கும். அதைச் சுத்தம் செய்ய ஆசிட்டில் கரைத்து, வெள்ளியை இறக்கி, திரும்ப உருக்கி, அதற்குக் கூலி, அதில் கழிவு. நிக்கல் இருப்பதால் அப்படியே கொலுசு வெள்ளியோடு சேர்த்தால் கம்பி இழுப்பதில் எவ்வளவு தொந்தரவு என்பதைப் பட்டறைக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இத்தனையும் கழித்துக்கொண்டுதான் விற்க வருகிறவருக்கு விலை சொல்வீர்கள், அது நியாயமும்கூட. ஆனால் அதே காசை அப்படியே எடுத்து வைத்து ஒரு சேகரிப்பாளருக்குக் கொடுத்தால் கூலியும் இல்லை, கழிவும் இல்லை, ஆசிட் புகையும் இல்லை, உள்ளே இருக்கிற வெள்ளியின் முழு விலை அப்படியே கைக்கு வரும், பல காசுகளுக்கு அதற்கு மேலேயும் வரும். கணக்காகப் பார்த்தாலே உருக்குவது நஷ்டம்.

மேலே எவ்வளவு வரும் என்று கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1969 காந்தி பத்து ரூபாய் சாதாரணமாகப் புழங்கிய காசாக இருந்தால் வெள்ளி விலையைவிடக் கொஞ்சம்தான் கூட வரும், வெள்ளி ஏறுகிற நாளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். லட்சம் எல்லாம் வராது. ஆனால் அதே காந்தி காசு ப்ரூஃப் என்று சொல்கிற தனி அடிப்பில் இருந்தால் கதை வேறு. ப்ரூஃப் காசு சேகரிப்பவர்களுக்கென்றே செய்வது. அச்சையும் வில்லையையும் கண்ணாடி மாதிரி மெருகேற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடிப்பார்கள். வெற்றிடம் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும், உருவம் மட்டும் பனி படர்ந்த வெண்மையாக நிற்கும். ஒருமுறை பார்த்தால் அடுத்த தடவை நீங்களே சொல்லிவிடுவீர்கள். அது குறைவான எண்ணிக்கையில் அடிப்பது, குறைந்துகொண்டே போவது. அதையும் கொலுசுக் கணக்கில் நிறுத்து வாங்கி உருக்குகிறோம் என்றால் வயிறு எரிகிறது.

இந்தக் காசுகள் எப்படி உங்கள் கடைக்கு வந்து சேருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வருத்தம் அங்கேதான் இருக்கிறது. நம் பக்கத்தில் மில் வேலை, பள்ளிக்கூட வேலை, வங்கி வேலை பார்த்துக்கொண்டே சத்தமில்லாமல் காசு சேர்த்தவர்கள் நிறையப் பேர். இணையம் இல்லாத காலத்தில் நாணயச் சாலைக்கு விண்ணப்பம் வாங்கி நிரப்பி, வங்கியில் டிடி எடுத்து இணைத்து அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் யாருக்கும் அதன் அருமை தெரியாது, நூறு ரூபாய்க் காசை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினேன் என்று சொன்னால் திட்டு விழும் என்பதால் விலையும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போன பிறகு பிள்ளைகள் பெட்டியைத் திறக்கிறார்கள். ஈரோட்டுப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் அப்படித்தான், எழுபதுகளில் இருந்து ஒன்று விடாமல் வாங்கி வைத்திருந்தார், ஒவ்வொன்றும் பெட்டியோடு, அட்டையோடு, நாணயச் சாலை அனுப்பிய உறையோடு. காரியம் முடிந்த கையோடு மகன் எல்லாவற்றையும் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். கடையில் பெட்டியைப் பிரித்துத் தூக்கிப் போட்டுவிட்டுக் காசை மட்டும் நிறுத்திருக்கிறார்கள். எனக்குத் தகவல் வந்து விசாரித்தபோது, "அது அன்னைக்கே உருக்குக்குப் போயிருச்சுங்க" என்று பதில். அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவே இல்லை. டச் பார்த்து நியாயமான வெள்ளி விலைதான் கொடுத்திருக்கிறார். அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில காசுகளைப் பார்த்து இது கள்ளக் காசு, விளையாட்டுக் காசு என்று நினைத்துவிடுகிறார்கள், அதற்கும் காரணம் இருக்கிறது. 75 ரூபாய், 125 ரூபாய், 150, 350, 550 என்று நாம் புழங்கவே புழங்காத மதிப்பெல்லாம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 75-ஆம் ஆண்டுக்கு 75 ரூபாய், 90-ஆம் ஆண்டுக்கு 2024-இல் 90 ரூபாய், வருமான வரி வந்து 150 ஆண்டு ஆனதற்கு 150 ரூபாய், குரு நானக்கின் 550-ஆவது ஆண்டுக்கு 550 ரூபாய் என்று விழாவின் எண்ணையே மதிப்பாக வைத்துவிடுகிறார்கள். 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வந்ததும் 75 ரூபாய்தான், சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டை ஒட்டி. இவை அத்தனையும் நிஜக் காசு. இதில் அந்த 90 ரூபாயைக் கொஞ்சம் கவனியுங்கள், அது பாதி வெள்ளி இல்லை, சுமார் 40 கிராம் தூய வெள்ளி. உருக்கு ஆசை அதிகம் வரக்கூடிய காசு அது, அதனால் ஆபத்தும் அதற்குத்தான் அதிகம்.

இன்னொரு குழப்பம் ஆயிரம் ரூபாய்க் காசு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததற்காக 2010 என்று ஆண்டு பொறித்து வந்தது. இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயம் அதுதான். 35 கிராமில் நூற்றுக்கு எண்பது வெள்ளி, அதாவது 28 கிராம். இதை வைத்திருந்த ஒரு அம்மா, ஆயிரம் ரூபாய்தான் செல்லாமல் போய்விட்டதே, இதை வைத்து என்ன செய்ய என்று வெள்ளி விலைக்குப் போட வந்ததைக் கண்ணால் பார்த்தேன். 2016 நவம்பரில் செல்லாது என்று அறிவித்தது ஐநூறு, ஆயிரம் தாள்களைத்தான். காசுக்கும் அந்த அறிவிப்புக்கும் சம்பந்தம் கிடையாது. உங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் இந்த ஒரு வரியைச் சொன்னாலே பாதிப் பேர் காசைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உங்களுக்கு அதனால் ஒரு வியாபாரம் போகும்தான், ஆனால் அந்த அம்மா அடுத்த தடவை கொலுசு வாங்க வேறு கடைக்குப் போக மாட்டார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக இல்லை. 2011-இல் வந்த நாணயச் சட்டம் நாணயம் என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே நினைவு நாணயத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு எந்த நாணயத்தையும் உருக்கக் கூடாது, அழிக்கக் கூடாது என்கிறது. மீறினால் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. நீங்கள் தெரியாமல் செய்கிற ஒரு காரியம் இவ்வளவு பெரிய விஷயமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாலைந்து காசுக்காக ஒரு கடையின் பேர் கெடுவதை நான் விரும்பவில்லை.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் பிறந்தவர் சி.சுப்பிரமணியம். அறுபதுகளில் நாடு கப்பலில் வருகிற கோதுமையை நம்பி உட்கார்ந்திருந்த நேரத்தில் உணவு விவசாய அமைச்சராக இருந்து, குட்டை ரகக் கோதுமை விதையை மெக்சிகோவில் இருந்து வரவழைத்து, பசுமைப் புரட்சிக்கு அரசாங்கத்தின் பக்கம் இருந்து தோள் கொடுத்தவர். அவருடைய நூற்றாண்டுக்கு 2010-இல் ஐந்து ரூபாயும் வெள்ளியில் நூறு ரூபாயும் வெளியிட்டார்கள். ஒரு கொங்கு விவசாயி வீட்டுப் பையனின் முகம் இந்தியாவின் வெள்ளிக் காசில் இருக்கிறது. அந்தக் காசு கோயம்புத்தூர் பட்டறை ஒன்றில் கொலுசாக மாறுகிறது என்றால் நாம் யாரிடம் போய்ச் சொல்வது? மேலே சோறு சோறு என்று சொன்னேனே, அந்த எழுபதுகளின் உணவுக் காசுகளையும் இவர் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அந்தப் பஞ்ச காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு பாடப் புத்தகமே வேண்டாம்.

தமிழ்நாட்டுக்காரர்கள் என்று பார்த்தால் காமராஜர், அண்ணா, எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர்., கலைஞர் எல்லாருக்கும் நூறு ரூபாய்க் காசு உண்டு. 2009-இல் வந்த அண்ணா காசில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கும். 2024-இல் வந்த கலைஞர் காசில் தமிழ் வெல்லும் என்று தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். கட்சி, கொள்கை எல்லாம் அவரவர் விருப்பம், எனக்கு அதில் ஒன்றும் இல்லை. இந்திய நாணயத்தில் தமிழ் எழுத்து ஏறுவது எப்போதாவது ஒரு தடவைதான், அதை உருக்கி அழிக்க வேண்டாம் என்று கேட்கிறேன்.

இந்த மண்ணுக்கும் வெள்ளிக் காசுக்கும் உள்ள பழக்கம் நேற்று வந்ததில்லை. இப்போது குப்பைக் கிடங்குக்காகப் பேரெடுத்திருக்கிற வெள்ளலூரில் 1842-இல் ஒரு புதையல் கிடைத்தது, ஐநூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசு, அகஸ்டஸும் டைபீரியஸும் அடித்தவை. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் கிடைத்தது ஆயிரத்துக்கும் மேல். மிளகுக்கும் படியூர்ப் பச்சைக்கல்லுக்கும் யவனர்கள் கொடுத்த விலை அது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். கரூரில் அமராவதி ஆற்று மணலில் இருந்து சேரர் காசு கிடைத்துக்கொண்டே இருந்தது. மாக்கோதை என்று தமிழி என்கிற பழங்காலத் தமிழ் எழுத்தில் பேர் பொறித்து, முகமும் பொறித்த வெள்ளிக் காசு அங்கே கிடைத்ததுதான். ஒரு சேர மன்னன் எப்படி இருந்தான் என்பதற்கு நம் கையில் இருக்கிற மிகச் சில சாட்சிகளில் அது ஒன்று. யோசித்துப் பாருங்கள், அந்தக் காசு மணல் சலித்தவர் கையில் இருந்து யாரோ ஒரு பழைய உலோக வியாபாரியின் தராசுக்கு வந்திருந்தால், அவர் அதை மற்ற வெள்ளியோடு சேர்த்து உருக்கியிருந்தால், மாக்கோதையின் முகம் நமக்குத் தெரியவே போவதில்லை. இதே மாதிரி கிடைத்து, உருகிப் போய், நமக்குத் தெரியாமலே போன காசு எத்தனையோ இருக்கும்.

1939 வரைக்கும் வந்த ராணி தலை, ராஜா தலை ரூபாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை இப்போது செல்லும் நாணயம் இல்லை, மேலே சொன்ன சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது, லட்சக்கணக்கில் இருக்கின்றன, எல்லாவற்றையும் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆண்டை மட்டும் படியுங்கள். ஆறாம் ஜார்ஜ் தலையோடு 1939 என்று இருந்தால் கையை எடுத்துவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், இருபதாம் நூற்றாண்டு ரூபாய்களில் மிக அபூர்வமானவற்றில் அது ஒன்று. 1938-ஐ 1939 என்று திருத்திய போலியும் சுற்றுவதால் அவசரப்பட்டு விலையும் பேசிவிடாதீர்கள்.

இந்த விஷயத்தில் பெரிய கெடுதல் செய்தவை செல்போனில் வருகிற வீடியோக்கள். உங்களிடம் வைஷ்ணவி தேவி ஐந்து ரூபாய் இருக்கிறதா, உங்களுக்குப் பத்து லட்சம் என்று சொல்லிச் சொல்லியே ஜனங்களைக் கெடுத்துவிட்டார்கள். அதை நம்பி முன்பணம் கட்டி ஏமாந்தவர்களும் உண்டு, ரிசர்வ் வங்கியே 2021-இல் தன் பேரைச் சொல்லி நடக்கிற இந்த ஏமாற்றைப் பற்றி எச்சரிக்கை விட வேண்டி வந்தது. உங்கள் கடைக்கும் அப்படி எத்தனை பேர் வந்து, இல்லை என்று சொன்னதும் உங்களையே சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த எரிச்சலில்தான், நிஜமான வெள்ளி நினைவு நாணயம் வரும்போதும் இதுவும் அந்த வகைதான் என்று ஓரமாகத் தள்ளிவிடத் தோன்றுகிறது. எனக்குப் புரிகிறது. ஆனால் எடையையும் அகலத்தையும் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வைஷ்ணவி தேவி காசு சட்டைப் பையில் போகிற சில்லறை. வெள்ளி நூறு ரூபாய் உள்ளங்கையை நிறைக்கும்.

அப்புறம் இன்னொன்று, உருக்காவிட்டாலும் காசைக் கெடுக்கிற வழி சில இருக்கிறது. கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்ப்பது, விபூதியில் துடைப்பது, பாலிஷ் மோட்டாரில் காட்டுவது. வெள்ளி கறுப்பது காற்றில் இருக்கிற கந்தகத்தால், அந்தக் கறுப்பு காசுக்குக் கெடுதல் செய்வதில்லை, தேய்ப்பதுதான் கெடுதல். ப்ரூஃப் காசில் ஒரே ஒரு தடவை துணியை வைத்து அழுத்தித் துடைத்தால் போதும், அந்தக் கண்ணாடிப் பரப்பில் நூல் நூலாகக் கீறல் விழுந்துவிடும், எந்தச் சேகரிப்பாளரும் அதை நல்ல விலைக்குக் கேட்க மாட்டார். விரலால் நடுவில் பிடிக்காமல் ஓரத்தில் பிடியுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டாம், ரப்பரிலும் கந்தகம் உண்டு. வளையம் பற்ற வைத்து டாலராக மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களிடம், தாய்மாமன் சீருக்காகவே கேட்டாலும், இந்தக் காசில் வேண்டாம், லட்சுமி காசில் செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். உங்களுக்குக் கூலியும் கிடைக்கும், காசும் பிழைக்கும். பெட்டியும் உள்ளே இருக்கிற அட்டையும் வந்தால் தயவுசெய்து கிழித்துப் போடாதீர்கள், அது காசில் பாதி மாதிரி.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பழைய வெள்ளியைத் தராசில் கொட்டும்போது காசை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். சிங்கமும் ரூபாய் மதிப்பும் இருந்தால், கொண்டு வந்தவரிடம் இது அரசாங்க நினைவு நாணயம், வீட்டில் யார் சேர்த்தது, இன்னும் இருக்கிறதா, பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் வெள்ளி விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வந்தவரைக் காக்க வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வாங்கியதை ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, உங்கள் ஊரில் காசு சேர்க்கிறவர் யாராவது ஒருவருக்குச் சொல்லி அனுப்புங்கள். கொங்கு நாட்டில் அப்படி ஒருவர் இல்லாத ஊர் கிடையாது, பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பார், தபால் ஆபீஸில் இருப்பார், விசைத்தறி ஓட்டுபவராகக்கூட இருப்பார். நாங்கள் வருவோம், பேரம் பேசாமல் வாங்குவோம், மாதம் ஒரு காசுதான் வாங்க முடிகிற பையனாக இருந்தால் மாதம் ஒரு காசாவது வாங்குவான். இது யாருக்கும் தேவையில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் கோவை, ஈரோடு, கரூர் அரசு அருங்காட்சியகங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

கொலுசுப் பட்டறைச் சங்கத்துக்காரர்களுக்கும் வெள்ளி வியாபாரிகள் சங்கத்துக்காரர்களுக்கும் தனியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் காலையில் வெள்ளி விலை வருகிறது. ஒரு நாள் மட்டும் அதற்குக் கீழே இந்தக் காசுகளின் படங்களை ஒரே பக்கத்தில் போட்டு அனுப்பி வையுங்கள், தராசுப் பக்கத்தில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். 1969 காந்தியில் ஆரம்பித்து இப்போது வரைக்கும் முக்கியமானவை எல்லாம் அதில் இருக்கும்படி, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி, எடையும் வெள்ளி அளவும் தமிழில் எழுதி, அந்தப் பக்கத்தை நாங்களே தயார் செய்து, எங்கள் செலவிலேயே அச்சடித்துத் தருகிறோம். எத்தனை கடைக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கோவையில் இருந்து ஒரு நாணய சேகரிப்பாளர்